பழுப்புப் புள்ளி இல்லாத மூட்டை

சிதம்பரம் கனகசபை நகரில் தட்சிணாமூர்த்தி வீட்டு கேட்டில் இரண்டு பலகைகள் தொங்கின. ஒன்று, ‘நாய் ஜாக்கிரதை’. இன்னொன்று, ‘மாடி வாடகைக்கு – சைவக் குடும்பத்தினருக்கு மட்டும்’. மாடியில் ஆள் குடியிருக்கும்போதும் இரண்டாவது பலகையை அவர் கழற்றியதில்லை. அது விளம்பரம் இல்லை, கொள்கை என்பார்.

தணிக்கை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க அடுத்தவர் கணக்கில் தப்பு தேடிய கண்ணுக்கு ஓய்வுக்குப் பிறகும் தீனி வேண்டியிருந்தது. பிஸ்கட் பாக்கெட்டில் அது கிடைத்தது. பிஸ்கட்டோ பற்பசையோ சோப்போ, முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். திருப்பிப் பின்பக்கம்தான் படிப்பார். படித்ததைப் பத்துப் பேருக்குச் சொல்வதற்காகப் புலால் மறுப்போர் மன்றம் ஒன்றைத் தொடங்கி, தானே தலைவரும் ஆனார். மாதக் கூட்டம் அவர் வீட்டு ஹாலில் நடக்கும். பேச்சுக்கு ஒரே தலைப்பு: லேபிளைப் படியுங்கள். பச்சைப் புள்ளி சைவம், பழுப்புப் புள்ளி அசைவம். பட்டியலில் முதலில் எந்தப் பெயரோ அதுதான் எடையில் அதிகம். அட்டைப் படத்தில் முந்திரி கொட்டிக் கிடக்கும், பட்டியலில் அதே முந்திரி சர்க்கரைக்கும் எண்ணெய்க்கும் பின்னால் கூச்சத்தோடு நிற்கும். இதையெல்லாம் அவர் சரியாகவே சொன்னார். சொல்கிற இடம்தான் சரியில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கையிலிருந்த ஐஸ்கிரீமைப் பிடுங்கிப் படித்து, படித்து முடிப்பதற்குள் உருக்கிக் கொடுத்திருக்கிறார். ஊரில் ஒரு பேக்கரிக்காரர் அவர் தலை தெரிந்தால் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார்.

2008இல் பெங்களூரிலிருந்த மகனுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது. போகிற வழியில் தன் லேப்ரடார் நாயை அப்பா வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். பெயர் ப்ரூனோ. வெள்ளை உடம்பு, வாசலைப் பார்த்துக் காலை மடக்கிப் படுக்கிற வாகு. தட்சிணாமூர்த்தி அதற்கு நந்தி என்று பெயர் வைத்தார். பெயரை மாற்றிய சூட்டோடு சாப்பாட்டையும் மாற்றினார். காலையில் தயிர்சாதம், ராத்திரி பருப்புசாதம், பிரதோஷத்தன்று அவரோடு சேர்ந்து ஒரு வேளை மட்டும்.

நந்தி மறுக்கவில்லை. மெலிந்தது. கொத்துக் கொத்தாக முடி கொட்டி, படுத்து எழுந்தால் பின்னங்கால் தள்ளாடியது. வந்த நாளில் நாயைத் தொட்டுவிட்டுக் குளித்த அவர் மனைவி ஞானாம்பாள், இப்போது அதற்குச் சோறு ஊட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கால்நடை மருத்துவர் ஹாமித்தின் கிளினிக்கில் எப்போதும் கூட்டம். அவர் நாயின் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு, புரதம் போதவில்லை, தினம் ஒரு முட்டை அவித்துக் கொடுங்கள் என்றார்.

“டாக்டர், இது எங்க வீட்டு நாய்.”

“வீடு உங்களுது சார். பல்லு நாயோடது.”

அதற்கு மேல் வாதாட அவருக்கு நேரமில்லை. வாசலில் ஓர் எருமை காத்திருந்தது. முட்டை ஆகாதென்றால் பாக்கெட் தீனி வாங்குங்கள், லேபிளைப் படித்து வாங்குங்கள் என்று அனுப்பிவிட்டார். லேபிள் என்ற சொல்லைக் கேட்டதும் தட்சிணாமூர்த்திக்குப் பாதி நோய் குணமானது போலிருந்தது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் தேவசகாயம் என்பவர் வண்ணமீனும் கிளிக்கூண்டும் நாய்ச் சங்கிலியும் விற்கும் கடை வைத்திருந்தார். நாய்த் தீனியும் உண்டு. தட்சிணாமூர்த்தி முதலில் எடுத்த மூட்டையில் கோதுமைக் கதிர் படம். பட்டியலில் முதலில் தானியம், அடுத்து தவிடு, பிறகு சர்க்கரை, கலர். கூர்ந்து படித்து, பரம சைவம் என்று வாங்கி வந்தார். ஒரு வாரத்தில் வீடு நாறியது. உள்ளே போனதைவிட வெளியே வந்தது ஜாஸ்தி.

ஹாமித் அந்தப் பட்டியலைப் படித்துவிட்டுச் சிரித்தார். தானியம் முதலில் நின்றால் அது வயிற்றை அடைக்கிற சரக்கு, சர்க்கரையும் கலரும் நாய்க்காகப் போடுவதில்லை, வாங்குகிற ஆளுக்காகப் போடுவது என்று விளக்கினார்.

“அப்ப மொதல்ல என்ன பேரு இருக்கணும் டாக்டர்?”

ஹாமித் அவர் நெற்றியைப் பார்த்தார். திருநீறு மூன்று பட்டையாக இருந்தது. வெளியே கூட்டத்தைப் பார்த்தார். ஒரு சீட்டில் ஒரு வெளிநாட்டு மூட்டையின் பெயரை எழுதிக் கொடுத்து, இதை வாங்குங்கள், இதையும் படித்துக்கொள்ளுங்கள் என்றார்.

மறுபடி கடலூர். அந்த மூட்டையில் கேரட்டும் பட்டாணியும் படமாக இருந்தன, நடுவில் மினுமினுப்பான ஒரு நாய். தட்சிணாமூர்த்தி நாலு பக்கமும் திருப்பிப் புள்ளியைத் தேடினார். பச்சையும் இல்லை, பழுப்பும் இல்லை.

“நாய்த் தீனிக்குப் புள்ளி போட மாட்டாங்க சார்,” என்றார் தேவசகாயம். “அதெல்லாம் மனுஷன் திங்கறதுக்குத்தான்.”

இதைவிடத் தெளிவாக ஒரு கடைக்காரர் சொல்ல முடியாது. ஆனால் தட்சிணாமூர்த்தியின் சட்டத்தில் பழுப்புப் புள்ளி இல்லாத பொருள் அசைவம் ஆகாது. பின்பக்கம் பட்டியல் இருக்க வேண்டிய இடத்தின்மேல், இறக்குமதி செய்த கம்பெனி தன் முகவரியும் விலையும் அச்சடித்த வெள்ளைச் சீட்டை ஒட்டியிருந்தது. சீட்டுக்குக் கீழே ‘புரதம் 26 சதவீதம்’ என்ற ஒரு வரி மட்டும் தெரிந்தது. புரதம் என்றால் பருப்பு, சோயா என்று அவரே நிரப்பிக்கொண்டார். பிஸ்கட் என்றால் நகத்தால் கீறி உரித்திருப்பார். தனக்குச் சாதகமான கணக்கைத் தோண்டிப் பார்க்கிற தணிக்கையாளர் எந்த ஊரிலும் இல்லை.

நந்தி தேறியது. முடி அடர்ந்து வளர்ந்து, தோல் பளபளத்தது. படியில் தாவி ஏறியது. மன்றத்தின் ஆண்டு விழாவில் கழுத்தில் மாலையோடு அதை மேடையேற்றி, புலால் இல்லாமலே இந்த மினுமினுப்பு என்று தட்சிணாமூர்த்தி முழங்கினார். மறுநாள் உள்ளூர்ச் செய்தித்தாளில் படம் வந்தது: ‘சிதம்பரத்தில் ஒரு சைவ நாய்’. அந்தப் பக்கம் ஹாலில் சட்டம் போட்டு மாட்டப்பட்டது.

ஞானாம்பாளுக்கு மட்டும் ஒரு குறை. உருண்டைகளை அப்படியே தட்டில் கொட்டினால் கூழாங்கல்லைப் போட்ட மாதிரி இருந்தது. அதனால் தினமும் கரண்ட் போவதற்கு முன், சட்னி அரைக்கிற மிக்ஸியிலேயே அதைப் பொடித்து, தயிர்சாதத்தில் பிசைந்து வைத்தார். பொடிக்கும்போது ஒரு மாதிரி வாசனை எழும். வைட்டமின் வாசனை என்று நினைத்துக்கொண்டார்.

2009இல் மாடிக்குக் குடிவந்தவர்கள் சித்தார்த்தும் வெண்மதியும். திட்டக்குடிப் பக்கம். அவன் வங்கியில் எழுத்தர், அவள் தனியார் பள்ளியில் ஆசிரியை. இதற்கு முன் நாலு வீடு பார்த்திருந்தார்கள். நாலிலும் ‘நீங்க என்ன ஆளுங்க’ என்று சுற்றி வளைத்துக் கேட்டார்கள். தட்சிணாமூர்த்தி ‘நீங்க சைவமா’ என்று மட்டும் கேட்டார். இரண்டும் ஒரே கேள்விதான். இரண்டாவதற்குப் பொய் சொல்வது கொஞ்சம் சுலபம். சித்தார்த் ஆமாம் என்றான்.

பொய் நன்றாகத்தான் ஓடியது. மீனும் கறியும் ஊருக்குப் போகும்போது மட்டும். வெண்மதி கருவுற்று ஐந்தாம் மாதம் ரத்தம் போதவில்லை என்று தெரிந்ததும், மகப்பேறு டாக்டர் மாத்திரையோடு தினம் ஒரு முட்டை என்றும் எழுதிக் கொடுத்தார். ஜன்னலைச் சாத்தி, ஊதுவத்தி கொளுத்தி, முட்டை அவித்தார்கள். ஓட்டைக் காகிதத்தில் சுற்றி, சித்தார்த் சாப்பாட்டுப் பையில் வைத்து எடுத்துப் போய் பஸ் ஸ்டாண்டு குப்பைத்தொட்டியில் போடுவான். வங்கிப் பணத்தைக்கூட அவன் அவ்வளவு பத்திரமாகக் கையாண்டிருக்க மாட்டான்.

ஏழாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வங்கி விடுமுறை, அன்றைய ஓடு மாடியிலேயே கிடந்தது. கீழே மன்றக் கூட்டம். லேபிளைப் பற்றித் தலைவர் பேசிக்கொண்டிருக்கையில் நந்தி மாடிப்படியிலிருந்து இறங்கி வந்து, அவர் காலடியில் பாதி முட்டை ஓட்டை மரியாதையாக வைத்துவிட்டு வாலை ஆட்டியது.

கூட்டம் கலைவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் மாடியைக் காலி செய்ய வேண்டும். சித்தார்த் டாக்டர் சீட்டைக் காட்டினான். அது உங்கள் வீட்டு விஷயம், இது என் வீடு என்றார் தட்சிணாமூர்த்தி.

சிதம்பரத்தில் ஏழு மாத வயிற்றோடு வீடு தேடிப் பார்க்க வேண்டும். மேலவீதியிலிருந்து அண்ணாமலை நகர் வரை சித்தார்த் சைக்கிளில் சுற்றினான். பிரசவத் தீட்டு தங்கள் வீட்டில் வேண்டாம் என்று எல்லோரும் ஒரே மாதிரி, சிரித்த முகத்தோடு சொன்னார்கள்: குழந்தை பிறந்து மூணு மாசம் கழிச்சு வாங்க தம்பி. அதுவரை எங்கே இருப்பது என்று யாரும் சொல்லவில்லை. இருவருக்கும் வேலை இந்த ஊரில். அவளைப் பார்க்கிற டாக்டரும் இந்த ஊரில்.

பிரசவம் வரையாவது இருக்க விடுங்கள் என்று கேட்க, ஒரு நாள் காலை வெண்மதி கீழே இறங்கினாள். ஞானாம்பாள் சமையற்கட்டில் மிக்ஸியை ஓட்டிக்கொண்டிருந்தார். கேட்க வந்ததை வெண்மதி மறந்துவிட்டாள். மூக்கு வேறு விஷயம் சொன்னது.

“அம்மா, கருவாட்டு வாசன வருது.”

“வைட்டமின் வாசன பாப்பா. நந்திக்கு டாக்டர் எழுதிக் குடுத்தது.”

பக்கத்தில் மூட்டை சாய்ந்திருந்தது. ஈரக்கை பட்டுப் பட்டு, பின்பக்கத்து வெள்ளைச் சீட்டு ஒரு மூலையில் எழும்பியிருந்தது. வெண்மதி அதைப் பிடித்து இழுத்தாள். முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தட்சிணாமூர்த்தி உள்ளே வந்தார்.

“அதுல பாக்க ஒண்ணுமில்ல. புள்ளியே கெடையாது, நான் பாத்துட்டேன்.”

“புள்ளி இல்ல சார். எழுத்து இருக்கு.”

அவள் பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற குரலில் வாசித்தாள். முதல் பெயர் பவுல்ட்ரி மீல். அதாவது கோழியைச் சதையும் எலும்புமாக வேகவைத்து, உலர்த்தி, அரைத்த தூள். அடுத்து அரிசி. பிறகு கோழிக் கொழுப்பு, உலர்ந்த முட்டை, மீன் எண்ணெய். கேரட்டும் பட்டாணியும் வெகுதூரம் தள்ளி இருந்தன.

“மொதப் பேருதான் ஜாஸ்தின்னு நீங்கதான சார் சொல்லுவீங்க. மாடியில இருந்தே கேட்டிருக்கேன்.”

தட்சிணாமூர்த்தி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். மூட்டையை வாங்கி அவரே படித்தார். எழுத்து மாறவில்லை.

“கடேசில என்ன போட்டிருக்கு?” என்றார், அங்கேயாவது ஏதாவது கிடைக்கும் என்பதுபோல.

“உப்பு சார்.” வெண்மதி மூச்சு வாங்கினாள். “நான் திங்கறது டாக்டர் சொன்ன ஒரே ஒரு முட்ட. நந்தியும் டாக்டர் சொல்லித்தான் திங்குது. அது எந்த வீட்டுக்கு சார் காலி பண்ணிட்டுப் போவுது?”

ஞானாம்பாள் மிக்ஸி ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அதில் அரைத்த தேங்காய்ச் சட்னியை இருவரும் இட்லிக்குத் தொட்டுச் சாப்பிட்டிருந்தார்கள். நேற்றும் சாப்பிட்டார்கள். போன வருடமும். “ஏங்க, சட்னி,” என்றார்.

வெண்மதி பதிலுக்குக் காத்திருக்காமல் மாடிக்குப் போய்விட்டாள்.

வீட்டைக் கழுவி, சாம்பிராணி போட்டு, புது மிக்ஸி வாங்கி, நந்தியைத் தயிர்சாதத்துக்குத் திருப்பினார்கள். நந்தி முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. மறுநாளும் அப்படியே. தட்டெதிரில் உட்கார்ந்த ஞானாம்பாள், அது சாப்பிட்டால்தான் தானும் சாப்பிடுவேன் என்றார். மகனுக்கு போன் செய்தால் அவன் அங்கே புதுசாக ஒரு பூனை வளர்ப்பதாகச் சொன்னான். நந்தியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றால் ஹாலில் படம் தொங்குகிறது. சைவ நாய் எங்கே, ஏன் இளைத்துவிட்டது என்று மன்றத்துக்காரர்கள் விசாரிக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

மாதக் கடைசி நெருங்கியது. சித்தார்த் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. தட்சிணாமூர்த்தி நின்றிருந்தார். தோளில் தீனி மூட்டை, கையில் பழைய மிக்ஸி.

“தம்பி, இது மாடியில இருக்கட்டும். கீழ எலி ஜாஸ்தி. நந்தி ரெண்டு வேளையும் மேல வந்து சாப்ட்டுக்கும்.”

“நாங்க காலி பண்றோமே சார்.”

“யாரு சொன்னது?”

“நீங்கதான் சார்,” என்றது உள்ளிருந்து வெண்மதியின் குரல்.

அவர் சுவரைப் பார்த்தபடி, கோபத்தில் சொல்வதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளலாமா என்றார். வெண்மதி இடுப்பைப் பிடித்தபடி வெளியே வந்து, மூட்டை இருக்கிறவரை தாங்களும் இருப்போம், முட்டை ஓடு இனி வீட்டுக் குப்பைத்தொட்டியில்தான் விழும் என்றாள். தட்சிணாமூர்த்தி சுவரிடம் தலையாட்டினார்.

பெண் குழந்தை அந்த வீட்டு மாடியில்தான் வளர்ந்தது. தொட்டிலுக்கு அடியில் நந்தி படுத்திருக்கும். அது தினமும் சரியான நேரத்துக்குப் படியேறுவதைக் கண்ட மன்றத்துக்காரர்களுக்குத் தலைவர் ஒரு விளக்கம் வைத்திருந்தார். மாடியில் இருப்பவர்கள் நாயைக் கெடுத்துவிட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சி என்று இரக்கப்பட்டு வைத்துக்கொண்டோம், வாயில்லாத ஜீவன், நாம் என்ன செய்ய முடியும்? எல்லோரும் மாடியைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். அது காதில் விழுந்த அன்று சித்தார்த் கீழே போய் ஒரு கை பார்க்கிறேன் என்று கிளம்பினான். போய் இன்னும் நாலு வீடு பார்க்கிறாயா என்று வெண்மதி கேட்டாள். உட்கார்ந்துவிட்டான்.

கேட்டில் பலகை மாறவில்லை. ஹாலில் படமும் மாறவில்லை. மாதக் கூட்டத்துப் பேச்சில் மட்டும் ஒரு வரி கூடியது: பின்பக்கத்தில் சீட்டு ஏதும் ஒட்டியிருந்தால், கடையிலேயே உரித்துப் பாருங்கள். அதைச் சொல்லும்போது தலைவரின் குரல் உயர்ந்து மாடி வரை கேட்கும். மேலே பழைய மிக்ஸி ஓடும் நேரமும் அதுதான். இரண்டு சத்தமும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை.