மருதாணி வைக்காத கை

தோட்டத்து வீடு வேலையோடு வரும், வேலையோடு போகும். இதைப் புரிந்துகொள்ளாமல் மண், ஆறு, காற்று என்று மேடையில் உருகுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. உருகுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அந்த மண்ணில் நிற்கிறவளுக்கு நாளைக்குக் கூரை எங்கே என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் உருகுங்கள்.

எண்பதுகளின் நடுவில் நான் தலைநகரத்துப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்னச் சங்கத்தில் தட்டச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே பூமாலைக் கடை, மேலே எங்கள் ஒற்றை அறை. ரயில் போனால் மேசை அதிர்ந்து எழுத்து கோணிவிடும். சுற்றுச்சூழல், தொழிலாளர் நலன் இரண்டையும் ஒன்றாகப் பேசுகிற சங்கம் அது. தலைவர் ஒரு வக்கீல், ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்தவர். நல்ல மனிதர்தான். கிள்ளான் ஆற்றில் மீன் செத்து மிதக்கிறது என்று கேள்விப்பட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. நானே பார்த்திருக்கிறேன்.

என் அக்கா ஜெஞ்சாரோம் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் மருந்தடித்தாள். மருந்து என்று நாங்கள் சொல்வது விஷத்தைத்தான். லாலான் புல்லையும் களையையும் ஒரே நாளில் கருக்கிவிடும் விஷம். முதுகில் பம்பைத் தூக்கிக்கொண்டு, ஒரு கையால் அடித்து ஒரு கையால் குழாயைப் பிடித்துப் போக வேண்டும். காற்று திரும்பினால் முகத்தில் விழும். முகத்துக்குக் கட்ட ஒரு பழைய கைலித் துணி, அவ்வளவுதான் பாதுகாப்பு. வெயிலடித்தால் அதையும் கழற்றிவிடுவார்கள், மூச்சு முட்டும். மற்ற வெளிவேலையைவிட மருந்துக்குக் கொஞ்சம் கூடுதல் கூலி உண்டு என்பதால் அந்தக் கும்பலில் இடம் கிடைக்கப் பெண்கள் போட்டி போட்டார்கள். மழை பெய்தால் வேலையில்லை, வேலையில்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை.

அத்தான் டிராக்டர் கவிழ்ந்து இறந்துபோனார். அதற்குப் பிறகு தோட்டத்து வரிசைவீடான லயத்து வீடு அக்காவின் வேலையை நம்பி நின்றது. இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் பந்திங்கில் படித்துக்கொண்டிருந்தாள், கணக்கில் கெட்டிக்காரி. என்னைக் கிள்ளானில் தட்டச்சு படிக்க வைத்ததும் அக்காவின் மருந்துக் கூலிதான். அதனால் போகும்போதெல்லாம் அவள் கையை எடுத்துப் பார்ப்பேன். நகங்களில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்திருந்தது. இரண்டு நகம் பாதி கழன்று, அடியில் பழுப்பாகத் தெரிந்தது. மூக்கில் அடிக்கடி ரத்தம் வேறு வரும்.

சங்கத்தில் இதைச் சொன்னவள் நான்தான். தலைவர் அந்த ஞாயிற்றுக்கிழமையே தோட்டத்துக்கு வந்து எல்லாப் பெண்களின் கைகளையும் பார்த்தார். எல்லாருக்கும் அதே நகம், அதே கோடு. திரும்பி வந்து நிர்வாகத்திடம் மூன்று கோரிக்கை வைத்தோம். விஷத்தை நிறுத்த வேண்டும். தினக்கூலியை மாதச் சம்பளமாக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கு அதே கூலியில் வேறு வேலை கொடுக்க வேண்டும்.

பல மாதம் இழுத்தடித்துவிட்டு நிர்வாகம் ஒன்றே ஒன்றுக்கு இறங்கி வந்தது. பட்டணத்திலிருந்து டாக்டரை வரவழைத்துச் சோதிப்பார்களாம். பாதிக்கப்பட்டவர்களை உடனே மருந்து வேலையிலிருந்து நிறுத்துவார்களாம். கும்பலில் பாதிப்பேருக்கு மேல் பாதிப்பு என்று டாக்டர் சொன்னால் மருந்தையே மாற்றுவதைப் பற்றிப் பேசலாமாம்.

எங்கள் அறையில் வடையும் தேநீரும் வந்தன. தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நிறுத்துனா அப்புறம் அவங்களுக்கு என்ன வேலை சார்?" என்று கேட்டேன்.

"அது அடுத்த கட்டம்மா. முதல்ல விஷம் நிக்கட்டும். எல்லாத்தையும் ஒரே நாள்ல கேட்டா ஒண்ணும் கெடைக்காது லா."

"வேலையில்லன்னா வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்க சார்."

"எல்லாப் பொம்பளைங்க கையும் ஒரே மாதிரி இருக்கு. எல்லாரையுமா வெளிய அனுப்புவான்? ஆள் இல்லாம தோட்டம் நடக்காது. நீ சும்மா பயப்படாத."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. எல்லார் கையும் ஒன்றாக நீண்டால் நிர்வாகம் வழிக்கு வந்துதான் ஆக வேண்டும். எல்லாரும் நீட்ட வேண்டும், அதுதான் விஷயம்.

சோதனைக்கு முந்தின வாரம் அக்கா வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டு அக்காவும் அங்கே இருந்தாள். அவளும் மருந்துக் கும்பல்தான். அத்தான் செத்த அன்றைக்கு அக்காவை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம்.

"உங்க சங்கத்து ஆளுக்கு மண்ணு மேல ரொம்பப் பாசமோ?" என்றாள் என்னிடம். "மருந்த நிப்பாட்டினா மண்ணு பொழைச்சிக்கும். நாங்க?"

"எல்லாரும் கைய காட்டுனா ஒருத்தரையும் நிறுத்த முடியாதுக்கா."

"மொத ஆளா யாரு காட்டுறது? நீ வந்து காட்டுறியா, ஒங் கையில டைப்பு மை தான இருக்கு?"

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே எலுமிச்சைத் தோலால் நகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கோடு அப்படியேதான் இருந்தது.

"எனக்கு இந்த வீடு இருந்தாப் போதும் பாப்பா. பெரியவ பரீட்சை முடிக்கிற வரைக்கும். அப்புறம் எங் கை விழுந்தாலும் பரவால்ல," என்றாள்.

அப்படிப் பேசாதே என்று அவளை அதட்டினேன்.

சோதனை நாளன்று நானும் தலைவரும் காலையிலேயே தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். பெண்கள் வரிசையாக வந்தார்கள். தலையில் எண்ணெய் வைத்து, நல்ல சேலை கட்டி, ஏதோ கோயிலுக்குப் போகிறவர்கள் மாதிரி வந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா முதலில் கையை நீட்டினாள். அடுத்தவள் நீட்டினாள். அடுத்தவள்.

எல்லார் கையும் சிவந்திருந்தது. விரல் நுனிகளில் தொப்பி போட்டதுபோல் மருதாணி. நகமெல்லாம் செக்கச் சிவப்பு. கோடும் தெரியவில்லை, பழுப்பும் தெரியவில்லை. கோயில் வேலியோரத்து மருதாணியை உருவி, அம்மிக்கல்லில் அரைத்து, முந்தின நாள் சாயங்காலமே வீடு வீடாக வைத்துவிட்டிருந்தார்கள்.

சீன டாக்டர் சிரித்துவிட்டு, இன்றைக்குக் கல்யாணமா என்று மலாயில் கேட்டார். அம்மனுக்குத் திருவிழா என்றாள் ஒருத்தி. அவர் கண்ணை இழுத்துப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவசரம் அவருக்கு, மத்தியானத்துக்குள் இன்னொரு தோட்டம்.

கடைசியாக என் அக்கா வந்தாள்.

அவள் கையில் மருதாணி இல்லை. எப்படி இருக்கும்? தாலியறுத்தவள் கையில் எங்கள் தோட்டத்தில் யாரும் மருதாணி வைக்க மாட்டார்கள். பொட்டு இல்லை, பூ இல்லை, மருதாணியும் இல்லை. யாரும் வேண்டுமென்று அவளை விடவில்லை. கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனவள் அந்த வாசலைத் தாண்டிப் போனாள், அவ்வளவுதான். வருஷக்கணக்காகத் தாண்டிப் போய்ப் பழகிய வாசல்.

அக்கா விரல்களை மடக்கி வைத்துக்கொண்டாள். டாக்டர் விரிக்கச் சொன்னார். விரித்தாள்.

அவர் ஒவ்வொரு நகமாகப் பார்த்தார். அன்றைக்கு அவர் நிதானமாகப் பார்த்த கை அது ஒன்றுதான்.

சாயங்காலம் கிராணி, அதாவது தோட்டத்து ஆபீஸ் கிளார்க், எங்களிடம் முடிவைச் சொன்னார். எல்லாப் பெண்களும் நல்ல ஆரோக்கியம், ஒருத்திக்கு மட்டும் கையில் கோளாறு. "எல்லாரும் ஒரே மருந்தைத்தான் அடிக்கிறாங்க. ஒருத்திக்கு மட்டும் வருதுன்னா அது மருந்தோட குத்தமா? அவ கை கழுவுறதில்ல," என்றார். அக்காவை அன்றே மருந்து வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்களாம். வேறு வேலை காலியில்லை என்றார்கள். மாத முடிவில் வீட்டைக் கொடுத்துவிட வேண்டும்.

காரில் திரும்பும்போது தலைவர் ஸ்டியரிங்கில் அடித்தார்.

"அறிவு கெட்ட ஜனங்க. அவங்க ஒடம்பை அவங்களே மறைச்சா நான் யாருக்காகப் போராடுறது?"

"வீட்டை மறைச்சாங்க சார். ஒடம்ப இல்ல," என்றேன். "மொத கோரிக்கையா வீட்டையும் கூலியையும் கேட்டிருந்தா அத்தன கையும் வெறுங்கையா வந்திருக்கும். மத்த ரெண்டையும் விட்டுட்டு நீங்க விஷத்த மட்டும் நிறுத்த வந்தீங்க. அவங்களுக்கு அது சோத்த நிறுத்த வந்த மாதிரி."

கிள்ளானில் என்னை இறக்கிவிடச் சொல்லி பஸ் பிடித்தேன். பஸ்ஸில் நன்றாக அழுதேன். பக்கத்தில் இருந்த மலாய்க்காரம்மா டிஷ்யூ எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த முறை தோட்டத்துக்குப் போனபோது பக்கத்து வீட்டு அக்கா எங்கள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அரைக்கும்போதுகூட எனக்குத் தோணலையே," என்றாள் அக்காவைப் பார்த்து. "ஒரு வார்த்த நீ கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா வச்சிருப்பியா?"

அவள் தன் சிவந்த விரல்களைப் புடவையில் தேய்த்தாள்.

"நானும் கைய நீட்டியிருக்க மாட்டேன். ஊரு என்ன பேசும்," என்றாள் அக்கா. அரிசியிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு மறுபடி சொன்னாள்: "இல்ல. நீட்டியிருப்பேன்."

உதவித் தொகை கேட்டு நலத்துறை ஆபீசுக்கு அலைந்தோம். அக்காவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை, வளர்ந்த மகள் வேறு இருக்கிறாளே என்றார்கள். பிரிக்பீல்ட்ஸில் நான் இருந்தது மூன்று பெண்கள் படுக்கும் வாடகை அறை. அங்கே இன்னும் மூன்று பேரை எங்கே வைப்பது? செராஸ் பக்கம் புறம்போக்கில் ஒரு பலகை வீடு பார்த்தேன். அதற்கு முன்பணம் கேட்டார்கள், பிறகு அதையும் இடிக்கப் போவதாகச் சொன்னார்கள். எந்தக் கதவைத் தட்டினாலும் அதே கதைதான்.

மாத முடிவுக்கு முன்னால் ஒரு காலை, மூத்தவள் பள்ளிச் சீருடையைக் கொடியிலேயே விட்டுவிட்டுத் தாயின் ரப்பர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு பெரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், போய் நின்றாள். ஆட்களை மேய்க்கும் மண்டோர் வேலை கொடுத்துவிட்டார். மருந்துக் கும்பலில் ஓர் இடம் காலியாகத்தானே இருந்தது. வீட்டில் ஒருத்தி வேலையில் இருந்தால் வீடு போகாது. இந்தக் கணக்கை அவள் யாரிடமும் கேட்காமல் போட்டிருந்தாள். அக்கா அன்றைக்கு அடுப்பு பற்ற வைக்கவில்லை.

நான் சங்கத்தை விட்டுவிடவில்லை. கோபித்துக்கொண்டு போனால் யாருக்கு லாபம்? அதற்குப் பிறகு எந்த மனுவைத் தட்டச்சு செய்தாலும் கூலியும் வீடும் முதல் வரியில் வரும், விஷம் மூன்றாவது வரியில் வரும். தலைவர் ஒருமுறைகூட அதை மாற்றச் சொல்லவில்லை. இடம் மாறிய வரியால் எந்தத் தோட்டமும் மாறிவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறு வருஷமும் சோதனை வந்தது. அதற்கு முந்தின சாயங்காலம் நான் அங்கே இருந்தேன். மூத்தவளின் சுண்டு விரல் நகத்தில் முதல் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. பக்கத்து வீட்டு அக்கா கிண்ணத்தோடு வந்தாள். இந்த முறை எங்கள் வாசலைத் தாண்டிப் போகவில்லை. கன்னிப் பெண் இருக்கிற வீடு, யார் தடுப்பார்கள்?

"குடு, நான் வைக்கிறேன்," என்று அக்கா கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பார்த்தாள். அக்கா மகளின் விரல்களுக்கு ஒவ்வொன்றாகத் தொப்பி போட்டாள். நகம் ஓரத்தில்கூட வெள்ளை தெரியாமல் அழுத்தி அழுத்தி வைத்தாள். சுண்டு விரலுக்கு இரண்டு முறை வைத்தாள்.

காலையில் மூத்தவள் கையில் மருதாணி நன்றாகப் பிடித்திருந்தது. வைத்துவிட்ட அக்காவின் விரல்களும் சிவந்திருந்தன. அவற்றை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வெளியே என்னோடு நின்றாள். மகள் மருந்தடிக்கத் தகுதியானவள் என்று டாக்டர் சொன்னார். வீடு எங்களிடமே இருந்தது.