இரைச்சலுக்குள் ஓர் இரைச்சல்

1. புகார்

ஒரத்தநாடு பக்கம் மின்வாரிய உதவிப் பொறியாளராக இருந்தபோது எனக்கு வந்த புகார் இது: "ஹெவி மெட்டல் பாட்டில் இரைச்சல் வருகிறது." எழுதியவர் கால்நடை மருத்துவர் மும்தாஜ். வயர்மேன் செல்வராசு படித்துவிட்டு, "இரைச்சல் வரலன்னாதானே சார் புகார் குடுக்கணும்?" என்றார்.

மீட்டருக்கு அப்பால் எங்கள் பொறுப்பல்ல என்று ஒரு விதி உண்டு. என் மதியத் தூக்கத்தைப் பல முறை காப்பாற்றிய விதி. அதையே எழுதி அனுப்பியிருப்பேன். அதற்குள் டாக்டரம்மா நேரிலேயே வந்துவிட்டார்.

"அண்ணன் துபாய்லேர்ந்து ஆம்பிளிஃபயர் கொண்டாந்தாங்க சார். காலேஜ்ல ஓட்டை இயர்போன்ல கேட்ட ஆல்பம். ஒரு தடவையாவது நல்ல குவாலிட்டியில முழுசா கேக்கணும். ஆனா அடியில ஒரு முனகல். மிஷின் கோளாறுன்னு நாளைக்குத் திரும்ப எடுத்துட்டுப் போறாங்களாம்."

2. ஆய்வு

அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். வோல்டேஜ் சரி, நியூட்ரல் சரி. விதிப்படி என் கடமை முடிந்தது. ஆர்வம் முடியவில்லை. "போடுங்கம்மா" என்றேன். சுவர்க் காலண்டர் நடுங்கியது.

"இதுல எதும்மா இரைச்சல்?"

பாட்டை நிறுத்தினார். பாட்டு நின்றும் ஸ்பீக்கர் முனகியது. "பீஸே மட்டம்" என்று அண்ணன் அட்டைப்பெட்டியைத் தேடிப் போனார்.

செல்வராசு எர்த் டெஸ்டரை மாட்டினார். எர்த் மோசம். ஈரம் இருந்தால்தான் எர்த் வேலை செய்யும்; மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இருந்த எர்த் குழி காய்ந்து வெடித்திருந்தது.

"கொட்டகை கழுவுற தண்ணி இங்க வராதா டாக்டரம்மா?"

"வந்துச்சுங்க. சுத்தமா இருக்கட்டும்னு நான்தான் போன மாசம் பைப் போட்டுத் தென்னைக்குத் திருப்பிவிட்டேன்."

ஊர் மாடுகளுக்கெல்லாம் சுகாதாரம் போதிப்பவர். கொட்டகை பளிச்சென்று இருந்தது; எர்த் செத்திருந்தது.

அண்ணனே குடம் குடமாக ஊற்றினார். மண் உறிஞ்ச உறிஞ்ச முனகல் இறங்கி அடங்கியது.

3. பாட்டு

டாக்டரம்மா மறுபடியும் பாட்டைப் போட்டார். திருவையாற்றுப் பந்தலில் முன்வரிசைக்கு முண்டியடிக்கிறவன் நான். சற்றுமுன் ஒரே கட்டியாக விழுந்த சத்தத்தில் இப்போது இரண்டு கிடார்கள் தனித்தனியே ஓடின. பாடகர் அலறுவதற்கு முன் மூச்சிழுத்தது கேட்டது. தொடையில் தாளம் போட்டேன். அவர்கள் வேகத்துக்குக் கை எட்டவில்லை.

"சார், தலையாட்டுறீங்க."

"லோடு டெஸ்ட் பண்றேன்யா."

ஆல்பம் முடிந்ததும் டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அண்ணன் அட்டைப்பெட்டியை மடித்துப் பரணில் போட்டார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: முதலில் புகார்தாரரின் காதை நம்புங்கள், விதி எங்கும் ஓடிவிடாது. ஓய்வுபெற்ற பிறகு ஞாயிறுகளில் அந்த வீட்டுக்குப் போகிறேன். நடைமுறையை மீறுவதில்லை. முதலில் குழிக்கு ஒரு குடம், பிறகு பாட்டு.