மஸ்டாங்கின் வலப்பக்கக் கதிரை

சிவா அண்ணை இல்லை. செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது மாரடைப்பு...

அஞ்சலிக்கென்று இருக்கும் வழக்கமான வரிகள் எனக்கு வராது. அதனால்தான் இவ்வளவு நாளும் எழுதவில்லை. நாளை இறுதிக்கிரியை.

சிட்னி டூங்காபியில் கருநீல மஸ்டாங் கார் வைத்திருந்த தமிழர் என்றால் இங்கே பலருக்குத் தெரியும். எனக்கு அவர் பக்கத்து மேசைக்காரர். ஒரே உணவுப் பரிசோதனைக்கூடத்தில் நீண்ட காலம் ஒன்றாக வேலை செய்தோம். நான் மாதிரிகளைப் பார்ப்பேன், அவர் இயந்திரங்களைப் பார்ப்பார்.

எனக்குக் கார் என்பது ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதற்கு. கிழமை முழுவதும் போர்வைக்குள் கிடந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழும்பிப் பெட்ரோல் குடிக்கும் ஒன்றின் மீது எதற்கு இவ்வளவு பிரியம்? அதை அவரிடமே கேட்டிருக்கிறேன்.

"ஓம், உமக்கு விளங்காதுதான்" என்பார். கோபமே வராது.

அறுபதுகளில் அமெரிக்காவில் செய்த கார். ஸ்டீயரிங் இடப்பக்கம். இங்கே பலர் அதை வலப்பக்கத்துக்கு மாற்றிவிடுவார்கள். அண்ணை மாற்றவில்லை. "பிறந்த மாதிரியே இருக்கட்டும்."

அதில் ஒரு சிக்கல். முன்னால் போகும் லொறியை முந்த வேண்டுமென்றால், எதிரே என்ன வருகிறது என்று இடப்பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. வலப்பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வேலை அவருடைய மனைவி வதனி அக்காவுக்கு.

வதனி அக்கா சிட்னியில் பஸ் ஓட்டுபவர்.

ஒருமுறை குவேக்கர்ஸ் ஹில்லில் ஒரு கலியாணத்துக்கு என்னையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பின் சீட்டில் நான், முழங்கால் நாடியில் முட்ட. முன்னால் ஊர்ந்துகொண்டு ஒரு லொறி.

"பொறுங்கோ."

"இப்ப?"

"பொறுங்கோ எண்டெல்லே சொல்லுறன்... ம், கிளியர். போங்கோ."

"அக்கா, பேசாமல் நீங்களே ஓடலாமே" என்றேன்.

"உமக்கென்ன விசரே? கிழமை முழுக்க ஊரையே ஏத்தி இறக்கிறன். இண்டைக்கெண்டாலும் என்னை ஒருத்தர் ஏத்திக்கொண்டு போகட்டும்."

"அவ ஓடினால் ஒவ்வொரு பஸ் ஸ்டொப்பிலயும் நிப்பாட்டுவா" என்றார் அண்ணை.

"நிப்பாட்டினால் முதல்ல உங்களைத்தான் இறக்கிவிடுவன். ரோட்டைப் பாருங்கோ."

பிறகு ஒரு தடவை கார்க் காட்சிக்கும் போனேன். அண்ணை கேட்டுக்கொண்டே இருந்தார், மறுக்கக் காரணம் தீர்ந்துவிட்டது.

புல்வெளியில் வரிசையாக அமெரிக்கக் கார்கள், எல்லாம் பொனட்டைத் திறந்தபடி. பின்னால் மடக்குக் கதிரைகளில் சொந்தக்காரர்கள். அடிப்பக்கமும் தெரிவதற்காகக் காருக்குக் கீழே நிலத்தில் கண்ணாடி வைத்திருந்தார்கள். அண்ணையின் டாஷ்போர்டில் மட்டும் ஒரு சந்தனப் பொட்டு.

பக்கத்தில் எப்போதும் கிரெக்கின் சிவப்பு பொன்டியாக். கிரெக் ஓய்வுபெற்ற பிளம்பர். இரண்டு பேருக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது... தன் காரைப் பற்றித் தானே பேசக் கூடாது.

யாராவது மஸ்டாங் அருகே வந்தால் கிரெக் எழும்பி வருவார். இந்தப் பெயிண்ட் இவரே அடித்தது, இந்தச் சீட் இவரே தைத்தது என்று ஒன்றும் விடாமல் சொல்வார். பொன்டியாக் அருகே வந்தால் அண்ணை எழும்புவார். அந்த நேரம் மற்றவர் கதிரையில் இருந்தபடி தூரத்து மரத்தைப் பார்ப்பார். காது மட்டும் இங்கே.

நானும் குனிந்து அந்தக் கண்ணாடியில் பார்த்தேன். ஐம்பது வருடத்துக்கு மேல் ரோட்டில் ஓடிய காரின் அடிவயிறு... எங்கள் ஆய்வுகூட மேசையைவிடச் சுத்தம்.

"நல்லாயிருக்கு அண்ணை."

"கிரெக்கிட்டச் சொல்லும்" என்றார். ஆனால் முகம் மலர்ந்ததை மறைக்க அவரால் முடியவில்லை.

நாளை சவவண்டிக்குப் பின்னால் மஸ்டாங்கும் வர வேண்டும் என்பது வதனி அக்காவின் விருப்பம். அண்ணையின் கார் கிளப்காரர்களும் தங்கள் கார்களைக் கொண்டுவந்து, தகனசாலை வாசலில் பொனட்டைத் திறந்து வைத்து நிற்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். அக்காவின் தமையனுக்குப் பிடிக்கவில்லை.

"செத்தவீட்டில என்ன கார் ஷோ? சனம் என்ன சொல்லும்?"

"சனம் பாக்கட்டும் அண்ணா. அவர் பிறகெதுக்கு இவ்வளவு காலமும் அதை மினுக்கினவர்?"

நான் அப்போது பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றேன். தமையன், எத்தனை கார் வரும் என்று கேட்டார்.

யார் ஓட்டுவது என்பதுதான் மிச்சம். தானே ஓட்டுவதாக கிரெக் சொன்னார். "அப்ப உங்கட காரை ஆர் கொண்டுவாறது? ரெண்டும் பக்கத்தில பக்கத்திலதான் நிக்கவேணும்" என்று அக்கா மறுத்துவிட்டாராம்.

இன்று காலை எனக்குப் போன்.

"நாளைக்கு நான்தான் ஓடுறன். நீர் வலப்பக்கத்தில இரும்."

"அக்கா, எனக்கு இந்தக் காரைப் பற்றி ஒண்டும் தெரியாதே."

"காரைப் பற்றி ஆர் கேட்டது? ரோட்டைப் பாத்துச் சொன்னால் காணும்." பிறகு அவரே சொன்னார்: "அந்தக் கதிரையில நான் இருந்தால் இடப்பக்கம் திரும்பிப் பாப்பன். அதுதான்."

சரி என்றேன்.

நாளை கருநீல மஸ்டாங்கைக் கண்டால் கொஞ்சம் நின்று பாருங்கள். நல்லாயிருக்கு என்று சொல்லத் தோன்றினால் கிரெக்கிடம் சொல்லுங்கள். பொன்டியாக்கைப் பற்றிப் பேசத்தான் இனி ஆளில்லை. நான் முயற்சி செய்கிறேன். அது சிவப்பு என்பது தெரியும்.

அண்ணை, வலப்பக்கம் பார்த்துவிட்டேன். ஒன்றும் வரவில்லை.

போங்கோ.