பன்னீர் தெளித்த புடவை

சென்ற கிழமை என் மகன் கொழும்பிலிருந்து வரும்போது லினன் சேர்ட் ஒன்று போட்டுக்கொண்டு வந்தான். எட்டு மணித்தியாலம் பஸ்ஸில் இருந்ததில் அது கசங்கிச் சுருண்டிருக்க, யாரிடமோ அடி வாங்கிவிட்டு வந்த பிள்ளை மாதிரி வாசலில் நின்றான். இதற்கா இவ்வளவு காசு கொடுத்தாய் என்று கேட்டேன். கசங்கினால்தான் அதற்கு மதிப்பாம். திரும்பிப் போகும்போது அதைக் கழற்றி என் கையில் தந்து, பெருநாளைக்கு வந்து போடுகிறேன், பழுதாகாமல் வைத்திருங்கள் உம்மா என்று சொல்லிவிட்டுப் போனான்.

கழுத்துப் பட்டிக்குள் ஒரு சின்னச் சீட்டுத் தைத்திருந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீசில் எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஈரத்தோடு மடிக்கக் கூடாதாம். பொலித்தீன் பைக்குள் போடக் கூடாதாம். வாசனை எதுவும் படக் கூடாதாம். காற்றுப் போய்வருகிற இடத்தில் பருத்தித் துணியால் சுற்றி வைக்க வேண்டுமாம். வாசித்துவிட்டு அப்படியே கட்டிலில் இருந்துவிட்டேன். முகமெல்லாம் சூடாகிவிட்டது. வீட்டில் வேறு ஆள் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று. இந்தச் சீட்டில் உள்ள அத்தனையையும் நாற்பது வருஷத்துக்கு முன்னரே ஒருவர் எனக்கு வாயால் சொல்லியிருந்தார். நான் அத்தனையையும் தலைகீழாகச் செய்தேன்.

அவர் என் வாப்பா. கல்முனை பஸாரில் புடவைக்கடை வைத்திருந்தவர். எங்கள் பக்கத்தில் புடவை என்றால் பொதுவாகத் துணி. பெண்கள் உடுப்பது சாறி. இதைச் சொல்லிவைக்காவிட்டால் வாப்பா சாறி கட்டினார் என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள். துணி விஷயத்தில் அவர் கண்ணை நம்பமாட்டார், விரலைத்தான் நம்புவார். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தால் போதும், நூல் என்ன, கலப்பு எவ்வளவு என்று சொல்லிவிடுவார். கலியாண வீடுகளில் மாப்பிள்ளைக்குச் சலாம் கொடுக்கிற சாட்டில் கோட்டுக் கையையும் பிடித்துத் தேய்த்துப் பார்ப்பார். பக்கத்தில் நிற்கிற எனக்கு மானம் போகும். ஆனால் ஒன்று, கலப்புத் துணியை நல்ல துணி என்று சொல்லி அவர் ஒருநாளும் விற்றதில்லை. சனம் அதற்காகவே அவருடைய கடையைத் தேடி வந்தது.

சூறாவளி வந்து போன அடுத்த வருஷம் உம்மா மௌத்தாகி எங்களை விட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் வாப்பா ஹஜ்ஜுக்குப் போனார். இஹ்ராம் கட்டுவதற்கு, அதாவது ஹஜ்ஜில் ஆண்கள் உடுக்கிற தைக்காத இரண்டு வெள்ளைத் துண்டுக்கு, எல்லாரும் சாதாரணப் பருத்தித் துணி கொண்டுபோனார்கள். இவருக்குச் சூட்டுத் தேகம், வேர்த்தால் உடம்பெல்லாம் தடிக்கும் என்று, கொழும்பில் தெரிந்த கடைக்காரரிடம் சொல்லி நல்ல வெள்ளை லினனில் இரண்டு துண்டு எடுப்பித்தார். அந்தப் பார்சலை அவிழ்த்தபோது வந்த வாசம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. வெயிலில் காய்ந்த வைக்கோல் வாசம். திரும்பி வரும்போது ஈச்சம்பழமும் தஸ்பீஹ் மணியும் எல்லாருக்கும் கொண்டுவந்தார். தனக்கென்று கொண்டுவந்தது அந்த இரண்டு துண்டைத்தான். மக்காவின் ஸம்ஸம் கிணற்றுத் தண்ணீரில் நனைத்து, அங்கேயே காயவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தார். தான் மௌத்தானால் மையத்தை, உயிர் போன உடம்பை, அதில்தான் சுற்றிக் கபனிட வேண்டும் என்று சொன்னார். ஆண் மையத்துக்கு மூன்று துண்டு வேண்டும். இரண்டு இது, மற்றதைக் கடையில் கிழித்துக்கொள்ளலாம் என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர்கள் பலர் அப்படி வைத்திருந்தார்கள். தன் கபன் புடவை வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்பது அவர்களுக்குப் பெரிய நிம்மதி.

வீடு எனக்குச் சீதனமாக வந்த வீடு. எங்கள் ஊர் வழக்கப்படி மகளுக்குக் கலியாணமானால் வீடும் மகளுக்கு; பெற்றவர்கள் பின்பக்கத்து அறைக்குப் போய்விடுவார்கள். வாப்பாவும் அப்படித்தான் போனார். மரப் பெட்டகம் மட்டும் பெரிய அறையில், என் பொறுப்பில் இருந்தது. புடவையை என் கையில் தந்தபோது வாப்பா சொன்னார்:

"பெட்டகத்திலயே இரிக்கட்டும் மகள். கச்சான் அடிக்கக்குள்ள வெளியில எடுத்து, நிழல்ல விரிச்சிப் போடு. ஒவ்வொரு தரமும் வேற மாதிரி மடி, இல்லாட்டி மடிப்புல நூல் வெடிக்கும். மாரிக்குத் தொடாத. வாசம் கீசம் ஒண்டும் போடாத."

கச்சான் என்றால் மேற்கே வயல் பக்கமிருந்து வருகிற வறண்ட காற்று. அது அடிக்கிற மாதங்களில் எங்கள் கடற்கரை ஊர்களில் எதை விரித்தாலும் ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். மாரியில் கடலிலிருந்து வருகிற காற்றோ அலுமாரிக்குள் இருக்கிற துணியைக்கூட நனைத்துவிடும். உப்பும் ஈரமும். முதல் இரண்டு வருஷம் வாப்பா சொன்னபடியேதான் செய்தேன்.

அதற்குள் என் கணவர் சவூதிக்குப் போனார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை யாராவது ஊருக்கு வருகிறவரிடம் சாறி கொடுத்து அனுப்புவார். ஜப்பான் நைலெக்ஸ். பூப்போட்டது, புள்ளி போட்டது, கண்ணைப் பறிக்கிற பச்சை. பொய் சொல்லமாட்டேன், நான் அந்தச் சாறிகளில் மயங்கிக் கிடந்தேன். உடுத்துவதைவிட எண்ணிப் பார்ப்பதில்தான் எனக்குச் சந்தோஷம். எண்ணிக்கை கூடக் கூடப் பெட்டகத்தில் இடம் போதவில்லை. ஒரு மாரி காலத்தில், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, வாப்பாவின் புடவையை வெளியே எடுத்துவிட்டு அந்த இடத்தில் என் சாறிகளை அடுக்கினேன். ஆம், அதற்காகத்தான். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

எடுத்த புடவைக்கு மரியாதை செய்ய வேண்டாமா? அது ஸம்ஸத்தில் நனைந்த புடவை அல்லவா? ஆகவே பன்னீர்ச் செம்பை எடுத்து, நபிமேல் ஸலவாத்துச் சொல்லிச் சொல்லி, மடிப்பு மடிப்பாகப் பன்னீர் தெளித்தேன். வாசம் போய்விடக் கூடாது, காற்றுப் பட்டால்தானே துணி பழுதாகும் என்று, சவூதியிலிருந்து சாறி வந்த பொலித்தீன் சொப்பிங் பேக் ஒன்றுக்குள் அதைப் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, அலுமாரிக்கு மேலே வைத்தேன். அந்தக் காலத்தில் சொப்பிங் பேக் லேசுப்பட்ட சாமானில்லை. படம் போட்ட வெளிநாட்டுப் பேக் என்றால் கழுவிக் கொடியில் காயப்போட்டு, விருந்தாளி கண்ணில் படுகிற மாதிரி ஆணியில் மாட்டிவைப்போம். என்னிடம் இருந்த பேக்குகளில் மிகவும் நல்லதைத்தான் வாப்பாவின் கபனுக்குக் கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு என்னைப் பற்றியே பெருமையாக இருந்தது.

அடுத்த கச்சான் வந்தபோது மறந்துவிட்டேன். அதற்கடுத்ததிலும் மறந்தேன். கைக்குழந்தை, அது இது என்று சாட்டுச் சொல்லலாம். சாறிகளை எடுத்துக் காற்றாட விரிக்க மட்டும் நேரம் இருந்தது.

வாப்பாவின் கண்களில் வெள்ளை படர்ந்து, கடையைச் சாச்சாவிடம், அதாவது தன் தம்பியிடம், ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருந்த காலத்தில்தான் அந்தப் பேக்கை இறக்கினேன். கட்டை அவிழ்த்ததும் நாற்றம் குப்பென்று வந்தது. பூஞ்சணம். கறுப்பும் மஞ்சளுமாகப் புள்ளிகள், தெளித்த துளி துளியாக. எங்கெங்கே பன்னீர் விழுந்தது என்று அதைப் பார்த்தே சொல்லலாம். ஒரே மடிப்பில் கிடந்த இடங்களில் நூல் நைந்திருந்தது.

அப்போதே வாப்பாவிடம் போய்ச் சொல்லியிருந்தால் திட்டியிருப்பார். அதோடு முடிந்திருக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? கிணற்றுக்குப் போடுகிற குளோரின் தூளைக் கரைத்து அதற்குள் புடவையைப் போட்டேன். புள்ளி போயிற்று. காலையில் தூக்கிப் பிழிந்தபோது மடிப்புக்கு மடிப்பு ஓட்டையாகிக் கையோடு வந்தது. குசினிக்குப் பின்னால் குந்தியிருந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஸம்ஸம் பட்ட துணியைக் குப்பையில் போடப் பயம். கிணற்றடி மாதுளைக்குப் பக்கத்தில் குழி தோண்டிப் புதைத்தேன்.

பிறகு பஸ் ஏறி அக்கரைப்பற்றுக்குப் போனேன். கல்முனையில் வாங்கினால் சாச்சாவின் காதுக்குப் போய்விடும். பொப்ளின் பருத்தியில் வெள்ளை எடுத்து, பிள்ளைக்குச் சட்டை தைக்க என்று கேட்காத கடைக்காரரிடம் ஒரு பொய்யும் சொன்னேன். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் கழுவி, அளவு பார்த்து இரண்டு துண்டாக்கி, பெட்டகத்தில் வைத்தேன். இந்தமுறை மட்டும் ஒழுங்காக நிழலில் காயவைத்து, பருத்தித் துணியில் சுற்றி, பன்னீர் போடாமல்.

வாப்பா படுக்கையில் விழுந்தது அடுத்த வருஷம். ஒருநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு சாச்சா வந்து பக்கத்தில் இருந்தார். பேச்சு எங்கெங்கோ போய், கடைசியில் வாப்பா என்னைக் கூப்பிட்டார்.

"மகள், அந்தப் புடவைய ஒருக்கா எடுங்க. தொட்டுப் பாப்பம்."

கண்தான் தெரியாதே என்று ஒரு குருட்டுத் தைரியம். கொண்டுபோய் அவருடைய மடியில் வைத்தேன். பெருவிரலும் சுட்டுவிரலும் ஓரத்தைப் பிடித்தன. ஒரு தேய்ப்பு. நின்றது. இன்னொரு தேய்ப்பு. பிறகு விரல் அசையவேயில்லை. சாச்சாவும் எட்டி ஒரு முனையைப் பிடித்துப் பார்த்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டார்.

"காக்கா, இது லினன் மாதிரி இல்லியே. கடைப் பொப்ளினாட்டம் கிடக்கு."

வாப்பா முகத்தைத் தம்பி இருந்த பக்கம் திருப்பினார்.

"உனக்கென்ன தெரியும்? இதான். ஹஜ்ஜில, அறபாவில நான் உடுத்து நிண்ட புடவை எனக்குத் தெரியாதா? மகள் நல்லாத்தான் வெச்சிரிக்கா."

சாச்சா பிறகு கேட்கவில்லை. புடவை விஷயத்தில் அண்ணன் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. நான் துணியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாழ்நாள் முழுக்கக் கலப்பைக் கலப்பென்றே சொல்லி விற்ற மனிதர், ஹஜ் செய்தவர், கபனைத் தொட்டுக்கொண்டு எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அந்த இடத்திலேயே நான் செத்துப்போயிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை இருந்தார். எங்கள் வழக்கத்தில் ஒருவர் கடைசிப் படுக்கையில் கிடந்தால் சொந்தபந்தம் ஒவ்வொருவராக வந்து, பிழை ஏதும் செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மாப்புக் கேட்கும். அவரும் கேட்பார். தினமும் ஆள் வந்தது. கடையில் முன்பு வேலைக்கு நின்றவர்கள்கூடச் சொறிக்கல்முனையிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஒரு பகல், எல்லாரும் போன பிறகு, அறையில் நானும் அவரும் மட்டும். இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்தது. நானும் எல்லாரும் சொல்கிற அந்த வசனத்தையே சொன்னேன்.

"பிழை குற்றம் ஏதும் செஞ்சிருந்தா பொறுத்துக்கொள்ளுங்க வாப்பா."

என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேற ஒண்டும் சொல்ல இல்லியா மகள்?"

"இல்ல வாப்பா."

"சரி. பொறுத்திட்டன்."

அவருடைய மனம் நோகக் கூடாது என்றுதான் மறைத்தேன் என்று பல வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது சுத்தப் பொய். அவர் மனதை நான் எப்போதோ நோகடித்து முடித்துவிட்டேன். என் முகத்தைக் காப்பாற்றத்தான் மறைத்தேன். கதவைத் திறந்து வைத்து வா என்றார். நான் உள்ளே போகவில்லை.

ஜனாஸா அடக்கத்தன்று திரைக்குப் பின்னால் பெண்களோடு இருந்தேன். ஸம்ஸத்தில் நனைத்த இஹ்ராமிலேயே கபன், எவ்வளவு நஸீபு, எவ்வளவு பாக்கியம் என்று ஆளுக்காள் சொன்னார்கள். ஒரு மாமி என் தலையைத் தடவி, இப்படிக் காத்து வைத்திருக்கிற மகள் யாருக்குக் கிடைக்கும் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து இன்னும் தடவினார்கள்.

எங்கள் ஊரில் பெண்கள் அடக்கம் செய்கிற மையவாடிக்குள் போவதில்லை. கடற்கரைப் பக்கத்து வீதியில், மதிலுக்கு வெளியே நின்று, வாப்பாவை அடக்கிய இடத்தின் தலைமாட்டில் அடையாளமாக நட்டிருந்த மீசான் கட்டையைக் கண்ணால் தேடிப் பிடித்துச் சலாம் சொல்வேன். இன்றைக்கு எப்படியும் சொல்லிவிடுவேன் என்றுதான் ஒவ்வொரு தரமும் போவேன். வாய் திறக்கிற நேரம் வீதியால் யாராவது வருவார்கள். சைக்கிளில் மீன்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், தெரிந்த யாராவது ஒரு பெண். என்னகா இஞ்ச நிக்கிறீங்க என்று கேட்பார்கள். சும்மாதான் என்று சொல்லிக்கொண்டு வந்துவிடுவேன். இருபது வருஷம் அப்படியே போனது.

பிறகு ஒரு காலை கடல் ஊருக்குள் வந்தது. சீதன வீடு போனது, பெட்டகம் போனது, கிணறும் கிணற்றடியும் எங்கே இருந்தன என்றே சொல்ல முடியவில்லை. என் பிள்ளைகளை அல்லாஹ் உயிரோடு திருப்பித் தந்துவிட்டான். அதற்கு மேல் நான் எதைக் கேட்பது? கொஞ்ச நாள் கழித்து அந்த வீதிக்குப் போனேன். மதில் இல்லை. வரிசைகள் இல்லை. ஒரு மீசான் கட்டைகூட இல்லாமல் மணல் சமமாகக் கிடந்தது. அந்தப் பக்கம் குடியிருந்தவர்களும் எங்களைப் போல உள்ளே, வயல் பக்கம் போய்விட்டார்கள்.

இப்போதும் எப்போதாவது போகிறேன். எவ்வளவு நேரம் நின்றாலும் அந்த வீதியில் ஆள் வருவதில்லை. வாயைத் திறந்து சொல்லலாம், கேட்க ஒருவரும் இல்லை. எந்தப் பக்கம் பார்த்துச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.