மேளத்துக்குப் பின்னால் ஊர்ந்த கார்

அந்தப் பச்சைக் காரை ஏன் கொடுத்தேன் என்று நீங்கள் மூன்று பேரும் கேட்டுவிட்டீர்கள். பெட்ரோல் விலை ஏறியதால் என்று உங்கள் அம்மா சொல்லுவாள். வீம்புக்குக் கொடுத்தேன் என்று உங்கள் பெரிய மாமா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. முழுசும் தெரிந்தவன் நான்தான், அதனால் எழுதி வைக்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வண்டி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே இருந்த வெள்ளைக்கார துரை சீமைக்கே திரும்பிப் போனபோது அவருடைய காரைக் கப்பலில் ஏற்ற மனமில்லாமல் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதைப் பத்து வருஷம் ஓட வைத்தவன் நான் என்பது அவருக்குத் தெரியும். இரண்டே சீட்டு. மேலே துணிக் கூரை, பின்னால் மடக்கிவிடலாம். தரையோடு ஒட்டிக்கொண்டு ஓடும். மலை வளைவுகளில் அதைத் திருப்பினால் பாம்பு திரும்புகிற மாதிரி இருக்கும். அதற்காகவே செய்த வண்டி அது.

பூர்வீக நிலத்தில் என் பங்கு கைக்கு வந்ததும் நான் நம் ஊர் பெருமாட்டிக்கு அதை ஓட்டிக்கொண்டு இறங்கினேன். வந்த பிறகு அதை மூன்றாவது கியருக்கு மேல் போட எனக்கு வழி கிடைக்கவில்லை. வாய்க்கால் கரை, தென்னந்தோப்புப் பாதை, எதிரே வைக்கோல் வண்டி. ஒவ்வொரு மேட்டிலும் கார் வயிறு தட்டும்.

அதைவிட மோசம், அந்தக் காருக்கு நம் குடும்பம் கொள்ளாது. நடுவன் பிறந்ததற்கு அப்புறம் நாம் எல்லோரும் சேர்ந்து அதில் ஒரு நாளும் போகவில்லை. ஒரு தடவை மாமா வீட்டு விசேஷத்துக்குப் போனோமே, பெரியவளுக்கு ஞாபகம் இருக்கும். நீங்களும் அம்மாவும் பஸ்ஸில் ஏறினீர்கள். காரை அங்கே கொண்டுவந்தே ஆகவேண்டும் என்று மாமா சொல்லியிருந்ததால் நான் மட்டும் காரில் வந்தேன். பஸ்ஸை முந்த இடமில்லை. பின் ஜன்னலில் மூன்று பேரும் முகத்தை வைத்து எனக்குக் கை காட்டிக்கொண்டே வந்தீர்கள். நான் பக்கத்து டவுன் சித்தூர் வரைக்கும் அந்தத் தூசியைத் தின்றுகொண்டு வந்தேன். இதைக் கொடுத்துவிட்டு ஐந்து பேரும் உட்காருகிற மாதிரி ஒரு ஜீப் வாங்கவேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

கார் ஏன் அங்கே போகவேண்டும்? அதுதான் வினை. திறந்த கார். மாப்பிள்ளை அழைப்புக்கு அதைவிட எடுப்பான வாகனம் நம் பக்கத்தில் கிடையாது. மடக்கிய கூரைமேல் மாப்பிள்ளையை உட்கார வைத்து, சீட்டில் அவர் காலை வைத்துக்கொண்டால் ஊருக்கே தெரிவார். உங்கள் அம்மா வழியிலும் என் வழியிலும் நடந்த கல்யாணம் எல்லாவற்றுக்கும் அது போயிற்று. மறுத்தால், "அவனூட்டுக் கல்யாணத்துக்கு ஓடுச்சு, எங்க ஊட்டுக்குன்னா ஓடாதுங்களா?" என்பார்கள்.

அதில் கார் என்ன பாடுபட்டது என்பது யாருக்கும் புரியவில்லை. உங்களுக்குப் புரியும்படி சொல்லுகிறேன். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் கிளச் பிளேட் என்று ஒரு தட்டு உண்டு. கிளச்சை முழுசாக விட்டால் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும். பாதி மிதித்தால் உரசும். இந்தக் கார் முதல் கியரிலேயே மனிதன் ஓடுகிற வேகத்தில் போகும். நாகஸ்வரக்காரரோ நின்று நின்று நடப்பவர். நல்ல ராகம் வந்துவிட்டால் நடக்கவே மாட்டார். அவருக்குப் பின்னால் கிளச்சைப் பாதி மிதித்தபடி ஊர்ந்து ஊர்ந்து ஒவ்வொரு கல்யாணத்திலும் தட்டைத் தேய்த்தோம். ஸ்பேர் இந்தியாவிலேயே கிடைக்கவில்லை. கோயமுத்தூர்ப் பட்டறையில் பழைய தட்டுக்கே மேலே உரசுகிற லைனிங்கைப் புதுசாக அடித்து மாட்டிக்கொண்டிருந்தேன்.

விற்கிறேன் என்று சொன்னதும் வந்தவர்கள் கதையைக் கேளுங்கள். ஒருவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, மேல இருக்கற தகரத்தைக் கழட்டிப்போட்டு எஞ்சினை மட்டும் கெணத்துக்கு வெச்சா தண்ணி எடுக்குமுங்களா?" என்று கேட்டார். இன்னொருவர் டயரை மட்டும் கேட்டார். இன்னொருவருக்குக் கார் பிடித்திருந்தது. ஆனால் அவர் மகனுக்குக் கல்யாணம் முடிகிற வரைக்கும் நான் வைத்திருந்து கொடுக்கவேண்டுமாம். எனக்கு வந்த எரிச்சலில் அவருக்கு மோர்கூடக் கொடுக்கச் சொல்லவில்லை.

கடைசியில், தோட்டத்தில் என்னோடு வேலை பார்த்த டிரைவர் ஒருவர் சொல்லி, போடிமெட்டில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்த ஒருவர் வந்தார். என்னைவிடச் சின்னவர். காரைச் சும்மா தட்டிப் பார்க்காமல் கீழே படுத்துப் பார்த்தார். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

"அண்ணே, என்கிட்ட நல்ல ஜீப்பு ஒண்ணு கெடக்கு. அத நீங்க எடுத்துக்கங்க, இத நான் எடுத்துக்கிறேன். காசு பேச்சே வேண்டாம். ஒண்ணே ஒண்ணுதான். இது எங்க மலைய சொந்தக் கால்ல ஏறணும். ஏறுமாண்ணே?"

"கிளச் நல்லா இருக்குது. ஏறுமுங்க."

"காய் எடுப்பு முடிஞ்சதும் தை மாசத்துல வாரேன். அதுவரைக்கும் வண்டிய யாருக்கும் குடுத்துறாதீக."

அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதி ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. உங்கள் பெரிய மாமா வந்தார். சின்ன மாமாவுக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது, அதே தை மாதத்தில், போடிமெட்டுக்காரர் வருவதற்கு முந்தின வாரம் கல்யாணம்.

"மாப்ளைங்க, பொண்ணு ஊட்டுல சொல்லிப்போட்டனுங்க. தொறந்த கார்லதான் எங்க தம்பி வருவான்னு."

"என்னைக் கேக்காம எதுக்குங்க சொன்னீங்க? அதைக் கைமாத்தப் பேசியாச்சு. இன்னொரு ஊர்வலம் போனா கிளச் போயிருமுங்க."

"கைமாத்தறது கல்யாணத்துக்கு அப்பறந்தானுங்களே? அதுவரைக்கும் வண்டி நம்மளுதுதான?"

நம்மளுது! அந்தக் காரை ஒரு நாள் துடைத்திருப்பாரா? நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார். உங்கள் அம்மா அன்றைக்கு என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஏனுங்க, உங்க பெரியப்பன் ஊட்டுக் கல்யாணம் எல்லாத்துக்கும் போச்சு. எங்கூடப் பொறந்தவனுக்கு மட்டும் இல்லீங்களா?"

"உங்களுக்காகத்தான் ஜீப்பு வாங்கறேன்."

"ஜீப்புல போய் எந்த மூஞ்சிய வெச்சுட்டு எங்கூட்டுல எறங்கறது?"

அதற்கப்புறம் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. நான் நாலு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். எஞ்சினைப் போடவேண்டாம். நியூட்ரலில் வைத்துவிட்டுப் பின்னால் ஆறு பேர் தள்ளட்டும். நான் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருப்பேன். மேளச் சத்தத்தில் எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியப்போகிறது? மாமாவிடம் போய்ச் சொன்னேன்.

"மாப்பிள்ளையத் தள்ளீட்டு வர்றதுக்கு அதென்ன கரும்பு வண்டிங்களா?" என்று குதித்தார். அப்புறம் வேறு வழி இல்லாமல் ஒத்துக்கொண்டார்.

அழைப்பு அன்று சாயங்காலம் பிள்ளையார் கோயிலில் இருந்து புறப்பட்டோம். பெட்ரோமாக்ஸ் விளக்குகள், மேளம், சீர்த் தட்டோடு பெண்கள். சின்ன மாமா மாலையோடு மேலே உட்கார்ந்திருந்தார். பின்னால் தள்ளியவர்கள் அவருடைய கூட்டாளிகள். பாதித் தூரம் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. எனக்கே என் மூளையைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

வாய்க்கால் பாலத்துக்கு ஏறுகிற இடம் மேடு. அங்கே தள்ளுகிறவர்களுக்கு மூச்சு வாங்கியது. கார் நின்றது. மேளம் முன்னால் போய்விட்டது. இருட்டுகிற நேரம், பாலத்தின்மேல் பெண் வீட்டு இளவட்டங்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஏப்பா, மாப்பிள்ளை காருக்கு மாடு கட்டலியா?"

"பெட்ரோலுக்குக் காசில்லையாமா. பொண்ணு ஊட்டுச் சீர்ல சேத்துக் கேளுங்கப்பா!"

"மாப்பிள்ளை, நீங்களும் எறங்கித் தள்ளுங்க, சீக்கிரம் வந்து சேரலாம்!"

சிரிப்பு. சின்ன மாமா மாலையைப் பார்த்துக்கொண்டு தலையைக் குனிந்தார். பெரிய மாமா கார் பக்கம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். வெறுமனே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தட்டு ஏந்தி நின்ற பெண்களுக்கு நடுவில் உங்கள் அம்மா இருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் சாவியைத் திருப்பினேன்.

அந்த எஞ்சின் சத்தம் உங்களுக்குத் தெரியுமே, பாலமே அதிர்ந்தது. இளவட்டங்கள் விலகினார்கள், அப்புறம் அவர்களே விசிலடித்தார்கள். மேட்டில் மாப்பிள்ளையோடு, மேளத்துக்குப் பின்னால், கிளச்சைப் பாதி மிதித்தபடி போனேன். நாகஸ்வரக்காரருக்கு அன்றைக்குப் பார்த்து நல்ல ராகம் வாய்த்தது. பந்தலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே தீய்ந்த வாடை வந்தது. பட்டாசு வாடை என்று எல்லோரும் நினைத்தார்கள். பந்தல் வாசலில் ஆரத்தி எடுத்து முடித்ததும் கியரைப் போட்டேன். எஞ்சின் ஓடியது, சக்கரம் அசையவில்லை.

மறு வாரம் போடிமெட்டுக்காரர் நல்ல ஜீப்பில் வந்து இறங்கினார். அவர் காரைத் தொடுவதற்கு முன்னால் நடந்ததைச் சொன்னேன்.

"என்னண்ணே இது? ஒரு வாரம் பொறுக்க முடியலையா ஒங்களுக்கு? அம்புட்டுத் தூரம் சொல்லிட்டுல்ல போனேன்."

"தப்புத்தானுங்க."

அவர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். திண்ணென்று புத்தம் புதுசாக இருந்த அந்த ஜீப்பை நீங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அன்றைக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. மாமாமேலா, நாகஸ்வரக்காரர்மேலா, அந்த இரண்டு சீட்டு வண்டிமேலா?

பதினைந்து நாள் கழித்து அந்த டிரைவர் மூலம் தகவல் வந்தது. நல்ல ஜீப் கிடையாது. உர மூட்டை ஏற்றுகிற பழைய ஜீப் ஒன்று இருக்கிறது. கிளச்சைச் சரிசெய்து, நானே காரை மலை ஏற்றிக் கொண்டுவந்து விட்டால் அதை எடுத்துக்கொள்ளலாம். பேரம் பேச எனக்கு வாய் ஏது? கோயமுத்தூருக்கு இரண்டு தடவை அலைந்து லைனிங் அடித்து மாட்டினேன். பொள்ளாச்சி வழியாகப் போடிநாயக்கனூர் போய், அங்கிருந்து மலை ஏறினேன். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அந்தக் காருக்கு ஏற்ற ரோடு. ஆனால் எங்கே வாடை வருமோ, எங்கே தட்டு வழுக்குமோ என்று காதையும் மூக்கையும் தீட்டிக்கொண்டே ஒவ்வொரு வளைவையும் ஏறினேன். ரோட்டைப் பார்த்ததாகவே ஞாபகம் இல்லை. மேலே போய் எஞ்சினை அணைத்தபோது அவர் சிரித்தார். நான் சாவியைக் கொடுத்துவிட்டு, கதவைக் கயிற்றால் கட்டியிருந்த ஜீப்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

ஜீப் வந்த மறுநாளே பெரிய மாமா பார்க்க வந்தார். முன்னால் நின்று பார்த்தார், பின்னால் ஏறிப் பார்த்தார்.

"இதுல மாப்பிள்ளைய உக்கார வெக்க முடியாதுங்களே, மாப்ளைங்க."

"முடியாதுங்க" என்றேன்.

பின் பக்கத்தை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார். "பந்தல் சாமான் ஏத்தலாமுங்களா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அதற்குள் உங்கள் அம்மா உள்ளே இருந்து வந்து, என் கையில் இருந்த சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மொதல்ல நாங்க அஞ்சு பேரும் ஒருக்கா போய்ட்டு வந்தர்றோமுங்கண்ணா. அப்பறம் பாக்கலாம்."

மாமா என்னைப் பார்த்தார். நான் உங்களை ஏறச் சொன்னேன்.