திருத்தணியில் வயிற்றுக்குச் சூடு வைத்துக்கொண்ட புதன்கிழமை

எட்டு மாதமாக எனக்குப் பசியே இல்லை. டைஃபாய்டு காய்ச்சல் போகும்போது அதையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. எண்டோஸ்கோப்பி வரை பார்த்தாகிவிட்டது, குறை ஒன்றும் இல்லை. கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிட்டேன். இனி இப்படியேதானா என்ற பயம் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் உள்ளூர இருந்தது. அதனால்தான் போன கார்த்திகையில், கூட்டமில்லாத ஒரு புதன்கிழமை, திருத்தணிக்குக் கிளம்பினோம். மலைமேல் முருகன், அடிவாரத்தில் தோழி சொன்ன சீன வைத்தியம். ஒரே பயணத்தில் இரண்டு வேலை.

சென்ட்ரலில் ஆறரை மணி மின்சார ரயில். எண்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், இரண்டேகால் மணி நேரம். அரக்கோணம் தாண்டியதும் வயல்மேல் பனி படுத்திருந்தது. பார்த்துக்கொண்டே கண் செருகிவிட்டது.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் சுமதி என்பவர் வைத்தியம் செய்கிறார். கட்டணம் நானூறு ரூபாய். காய்ந்த மாசிபத்திரி இலையைச் சுருட்டுபோல் உருட்டி, நுனியில் நெருப்பு வைத்து, தோலில் படாமல் தொப்புளைச் சுற்றிக் காட்டுகிறார். பூக்கடை மரிக்கொழுந்தை யாரோ வாட்டுகிற மாதிரி மணம். சூடு மெல்ல உள்ளே இறங்கியது. மின்விசிறிச் சத்தமும், கீழே யாரோ தெலுங்கில் பேரம் பேசுவதும் தூரத் தூரப் போயின. தூங்கினேனா இல்லையா, இன்றும் தெரியாது.

பிறகு வயிறு கடகடவென்று உருள ஆரம்பித்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது.

"உருண்டுகினு இருக்கட்டுங்க. காத்து பிரியும், ஒருவாட்டி இளக்கமாக்கூட போவும். பயப்படாதீங்க," என்றார் சுமதி. "சாயந்தரம் வரைக்கும் குளிக்க மட்டும் கூடாது."

படியிறங்குவதற்குள் அவர் சொன்னது நடந்தது. கழிவறையிலிருந்து வெளியே வந்தபோதுதான் உறைத்தது. எங்கள் வீட்டுப் பழக்கத்தில், வெளிக்குப் போய்விட்டால் மறுபடி தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் கோயில் வாசலை மிதிக்க மாட்டோம். குளித்தால் வைத்தியம் போச்சு, குளிக்காவிட்டால் சாமி போச்சு. சாமியை முதலில் பார்த்திருக்கலாம் என்ற புத்தி இரண்டு பேருக்கும் இல்லை!

மலைக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். குளிக்காமல் கோயிலுக்குள் போகலாமா என்று என் வீட்டுக்காரர் டிரைவரிடமே விலாவாரியாகக் கேட்டார். எனக்கு ஓடுகிற ஆட்டோவிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது.

"ஒடம்பு முடியாதவங்களுக்கு இன்னா சார்? அக்கா தலையில மஞ்சத்தண்ணி தெளிச்சிகினு உள்ள போவட்டும்," என்றார் அவர்.

எனக்கு மனசு வரவில்லை. "நீங்க போயிட்டு வாங்க" என்று என் வீட்டுக்காரரை அனுப்பிவிட்டு, மலைமேல் கோயிலுக்கு வெளியிலேயே உட்கார்ந்தேன். இவ்வளவு தூரம் வந்தும் சாமி பார்க்க முடியவில்லையே என்றிருந்தது. கீழே ஊர் பனியில் பாதி கரைந்திருந்தது. வயிற்றில் அந்தச் சூடு இன்னும் இருந்தது. பக்கத்தில் ஒரு குடும்பம் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தது. அடிவயிற்றில் சுருக்கென்று ஓர் இழுப்பு. வலி என்றுதான் முதலில் நினைத்தேன். வாயில் எச்சில் ஊறியது.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: முதலில் தரிசனம், பிறகு வைத்தியம். தளர்வான பருத்தி உடை போதும். சூடு பொறுக்காவிட்டால் உடனே சொல்லிவிடுங்கள். பேதி நிற்காவிட்டால் டாக்டரிடம் போங்கள். எனக்கு நடந்தது எல்லோருக்கும் நடக்கும் என்று சொல்ல மாட்டேன்.

என் வீட்டுக்காரர் உள்ளங்கை நிறைய விபூதியோடு வந்தார். என் நெற்றியில் பூச வந்த கையைப் பிடித்துக்கொண்டு, "பசிக்குதுங்க" என்றேன். அவர் அந்த விபூதிக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு, அத்தனை பேர் நடுவில் அழுதுவிட்டார்.