மாமாவின் காக்கிக் களிசானும் நான் போட்ட தையலும்

என் மாமாவின் காக்கிக் களிசானை யாராவது மெச்சினால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். இணையத்தில் அதே வகைக் களிசானைப் படம்பிடித்துப் போட்டு, பழம்பொருள் சேர்ப்பவர்களுக்கும் உடுத்துபவர்களுக்கும் உகந்தது என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியவரை எங்கள் வீட்டில் ஒரு கிழமை இருத்தியிருக்க வேண்டும்.

வெள்ளைக்காரப் பட்டாளம் வெயில் நாடுகளுக்கென்று தைத்தது அது. பகலில் கால்களை மேலே மடித்துப் பொத்தான் போட்டால் அரைக்களிசான்; நுளம்பு கடிக்கும் நேரத்தில் அவிழ்த்துவிட்டால் முழுக்களிசான். மாமா உம்மாவின் தம்பி, எங்களோடு இருந்தவர். கல்முனையில் ஒரு தையற்காரரிடம் கெஞ்சி வாங்கிய அதைப் பூட்டி வைத்திருந்தாலாவது பரவாயில்லை. உடுத்துக்கொண்டு வயலுக்குப் போவார். வலது காலின் பொத்தான் விழுந்தபோது வேறு பொத்தான் வைக்க உம்மாவை விடவில்லை. அசல் பொத்தான் கிடைக்கும்வரை ஊக்குத்தான். ஊக்கு தொடையில் குத்துகிறது என்று அவர் புலம்புவதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், ஒன்பது வயதான நான் ஒரு நாள் அந்த மடிப்பை மீன்பிடிக்கும் தங்கூசி நூலால் இறுக்கித் தைத்துவிட்டேன். உதவி என்றுதான் நினைத்தேன். அவரும் கவனிக்காமல் உடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்குத்தான் வரிப்பத்தான்சேனையிலிருந்து மாமாவை மாப்பிள்ளை கேட்டு வந்தார்கள். முந்தி வந்த இரண்டு இடமும் இந்தக் களிசானைக் கண்டு திரும்பியவை. இதுவாவது சரிவந்தால் மூன்று நோன்பு பிடிப்பதாக உம்மா நிய்யத்து வைத்திருந்தார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வருவதாகச் சொன்னவர்கள் நடுப்பகல் லுஹரோடு வந்துவிட்டார்கள். மாமா முழங்கால் தெரிய, சேற்றோடு முன்வாசலால் நுழைந்தார். ஆட்களைக் கண்டதும் பதறிக் குனிந்தார். இடது கால் மரியாதையாகக் கீழே இறங்கியது. வலது கால் இறங்கவில்லை.

கதவுச் சீலைக்குப் பின்னால் உம்மா பல்லைக் கடித்தார்.

"தம்பி, உள்ளுக்கு வந்து சாரனை உடு!"

"இரிங்க ராத்தா. எவனோ தங்கூசியால தைச்சிரிக்கான்."

"கத்திரிக்கோல் தாறன், வெட்டிப் போடு!"

"ஐயோ, துணியில பட்டிரும். இது அசல் துணி."

"அசலாம்! யா அல்லாஹ், இவனுக்கு எந்த மடையன் பொண்ணு தருவான்?"

அந்த மடையன் முன்னால்தான் இருந்தார். பெண்ணின் வாப்பா எழுந்தார். போகப்போகிறார் என்று நான் அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்தேன். அவரோ வெற்றிலை வட்டாவிலிருந்த பாக்குவெட்டியை எடுத்துக்கொண்டு மாமாவின் காலடியில் குந்தினார். ஒவ்வொரு தையலாக நகத்தால் தூக்கித் தூக்கி வெட்டினார். துணியில் ஒரு கீறலும் இல்லை. மடிப்பு கீழே விழுந்தது.

"ஒரு களிசானையே இப்பிடிப் பாக்கிற ஆள். எங்கட புள்ளைக்கு இது போதும். என்ன, மாப்புள?"

நான் குசினிக்கு ஓடினேன். உம்மா தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கி வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு நாளும் இதற்குத்தானே ஏங்கினார்?

"உம்மா, துணி கிழியல்ல. அவங்க ஓம் எண்டுட்டாங்க."

அவர் இன்னும் அதிகமாக அழுதார்.

எங்கள் வீட்டில் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் எங்கே குடியிருப்பான் என்று பரீட்சையில் கேட்டிருந்தால், பெண் வீட்டில் என்று சரியாக எழுதியிருப்பேன். அப்படியென்றால் மாமா இனி எங்கள் வீட்டில் இருக்கமாட்டார் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.